ஐரிஸ்ல ரெண்டு ஓட்டையோட ஆறு வருஷம்: ஒண்ணு லேசர், ஒண்ணு கத்திரி

குளுக்கோமா (கண்ணுக்குள்ள பிரஷர் கூடி பார்வை நரம்பு கெடுற நோய்) விஷயமா என் ரெண்டு கண்ணுலயும் ஐரிஸ்ல, அதாவது நடுக் கறுப்பு வட்டத்தைச் சுத்தி இருக்குற நிற வளையத்துல, ஓட்டை போட்டு ஆறு வருஷம் ஆச்சு. இடது கண்ணுல ஆபரேஷன் பண்ணி ஒரு துண்டை வெட்டி எடுத்தாங்க, வலதுல லேசர். ரெண்டையும் ஒரே ஆள் பாத்திருக்கேன்ல, அதான் எழுதிப் போடுறேன்.

இடது கண்ணு கதை முதல்ல. ஒரு நாள் சாயந்திரம் திடீர்னு தலைவலி, வாந்தி, லைட்டைப் பாத்தா சுத்தி வானவில் மாதிரி வளையம், நான் ஒத்தைத் தலைவலின்னு நெனச்சு மாத்திரை போட்டுட்டு படுத்துட்டேன், அது பெரிய தப்பு. மறுநாள் கண்ணு பிரஷர் பாத்தா 58. சாதாரணமா 10லேர்ந்து 21க்குள்ள இருக்கணுமாம். மானிட்டால் டிரிப் ஏத்தி, அசிட்டசோலமைட் மாத்திரை குடுத்து (விரலெல்லாம் மரத்துப் போய் ஜிவுஜிவுன்னு இருந்துச்சு) பிரஷர இறக்குனாங்க. ஆனா கார்னியா (ஐரிஸுக்கு முன்னாடி மூடியிருக்குற தெளிவான படலம்) புகை படிஞ்ச கண்ணாடி மாதிரி ஆயிருச்சு, லேசர் உள்ள போய்ச் சேரல. அதனால மரத்துப்போற ஊசி போட்டு, ஓரத்துல சின்னதா கீறி, ஐரிஸ் ஓரத்தை இழுத்து ஒரு முக்கோணத் துண்டை நறுக்கிட்டாங்க. இதுதான் பெரிபெரல் ஐரிடெக்டமி. புது வித்தையெல்லாம் இல்ல, 1857லயே ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபேன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் குளுக்கோமாவுக்கு ஐரிடெக்டமி பண்ணலாம்னு எழுதிட்டார்.

எதுக்கு ஓட்டைன்னா, கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி ஐரிஸுக்குப் பின்னாடி ஊறி பாப்பா (அந்த நடுக் கறுப்பு வட்டம்) வழியா முன்னாடி வந்து, ஓரத்துல இருக்குற சல்லடை வழியா வெளிய போகணும். பாப்பாகிட்ட லென்ஸ் ஒட்டி அடைச்சுக்கிட்டா தண்ணி பின்னாடியே தேங்கி ஐரிஸை முன்னாடி தள்ளி அந்தச் சல்லடையையும் மூடிரும். சல்லடை இருக்குற அந்த ஓர மூலையைத்தான் ஆங்கிள்னு சொல்றாங்க. ஓட்டை ஒரு குறுக்கு வழி, அவ்ளோதான். பார்வையெல்லாம் கூடாது, கூடும்னு எதிர்பாத்து போகாதீங்க.

வலது கண்ணுலயும் ஆங்கிள் குறுகல்தான்னு, பிரச்சனை வரதுக்கு முன்னாடியே யாக் லேசர். பைலோகார்பின் சொட்டு விட்டாங்க, பாப்பா சுருங்கி புருவத்துல ஒரு இழு இழுத்துச்சு, அப்புறம் ஒரு லென்ஸை கண்ணுல ஒட்டி டக்கு டக்குன்னு நாலஞ்சு அடி, சுண்டி விட்ட மாதிரி. பத்து நிமிஷம் கூட இல்ல. இதுல எதையும் வெட்டி எடுக்கல, துளை மட்டும்தான், அதனால இதுக்குப் பேரு ஐரிடாட்டமி. டாட்டமின்னா வெட்டுறது, டெக்டமின்னா வெட்டி எடுத்துடறது. ரெண்டையும் சுருக்கமா பி.ஐ.ன்னே எழுதுறாங்க, எங்க டிஸ்சார்ஜ் பேப்பர்லயே இடதுக்கும் ஐரிடாட்டமின்னு தப்பா போட்டிருந்தாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு வேற டாக்டர் ஸ்லிட் லாம்ப்ல (கண்ணைப் பெருசாக்கிப் பாக்குற மைக்ராஸ்கோப்) பாத்துட்டு "இது லேசர் இல்லையே"ன்னு கேட்டப்பதான் தெரிஞ்சுது. தமிழ்ல சொன்னா இன்னும் குழப்பம். கருவிழின்னு சொன்னதும் எங்க சித்தி தானம் குடுக்குற கருவிழியையா வெட்டுனாங்கன்னு பதறிட்டாங்க, அது கார்னியா சித்தி, இது கதிராளின்னு சொன்னா அதுக்கு ஒரு முழி முழிச்சாங்க.

சரி, ஆறு வருஷத்துல எப்படி? கேட்டா சிரிப்பீங்க, கத்திரி போட்ட கண்ணுல ஓட்டையால ஒரு தொந்தரவும் இல்ல, மேல் இமைக்குள்ள முழுசா மறைஞ்சிருக்கு. சுளுவா முடிஞ்ச லேசர் கண்ணுலதான் ராத்திரி எதிர்ல வண்டி லைட்டு வந்தா அடியில ஒரு வெள்ளைக் கோடு தெரியும். ஓட்டை சரியா இமை விளிம்புல நிக்குது, அங்க தேங்குற கண்ணீர் வழியா வெளிச்சம் வளைஞ்சு போகுதாம். விரலால இமையைத் தூக்குனா கோடு காணாம போயிடும், நானே பல தடவை செஞ்சு பாத்திருக்கேன். மொத ஆறு மாசம் எரிச்சலா இருந்துச்சு, இப்ப தேடுனாதான் தெரியுது. லேசருக்கு போறவங்க ஓட்டை எந்த இடத்துல வரும்னு முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க, நான் கேக்கல.

ஆனா இடது கண்ணு தப்பிச்சிருச்சுன்னு இல்ல. அன்னைக்கு ஒரு ராத்திரி தூங்குனதுல ஆங்கிள்ல சில இடம் ஒட்டிக்கிச்சு, அதுக்கு இன்னைக்கும் தினம் ராத்திரி சொட்டு விடுறேன். ஓட்டை போட்டாச்சு, குளுக்கோமா போச்சுன்னு செக்கப்பை விட்டுட்டவங்களை பாத்திருக்கேன், தயவுசெஞ்சு விடாதீங்க, கோனியோஸ்கோப்பி (லென்ஸ் வச்சு ஆங்கிளைப் பாக்குற டெஸ்ட்) பாக்கச் சொல்லுங்க.

இப்ப இடதுல கேடராக்ட் ஆரம்பிச்சிருக்கு. அந்தத் தடிச்ச லென்ஸை எடுத்துட்டா ஆங்கிளுக்கு இன்னும் இடம் கிடைக்கும்னு டாக்டர் சொன்னார். அப்ப இந்த ஓட்டை எதுக்கு சார்னு கேட்டேன். அது பாட்டுக்கு இருந்துட்டு போகட்டும்னுட்டார்.