ஷோரூம், தெரிந்த மெக்கானிக், நம் கை: கடலோரக் காருக்கு எது சரி?

கடலூரிலோ புதுச்சேரியிலோ கார் வைத்திருப்பவர்களிடம் "சர்வீஸ் எங்கே விடுறீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் ஷோரூம் என்பார்கள், மீதிப் பேர் தெரிந்த மெக்கானிக் என்பார்கள். "நானே பார்த்துக்கிறேன்" என்பவர்கள் கொஞ்சம்தான், ஆனால் யூடியூப் புண்ணியத்தில் கூடிக்கொண்டு வருகிறார்கள். இந்த மூன்றையும் நாம் பெரும்பாலும் பணத்தை வைத்தே ஒப்பிடுகிறோம். எனக்கு அது பாதிக் கணக்காகத்தான் படுகிறது. ஒரு வேலையில் தப்பு நடந்தால் அது எப்போது தெரியவரும், அப்போது வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள். எந்த வேலையை யார் செய்யலாம் என்பது தானாகப் பிரிந்துவிடும்.

ஏர் ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். பானட்டைத் தூக்கி, நாலு கிளிப்பையோ ஸ்க்ரூவையோ கழற்றினால் பழையது வெளியே வரும், புதியதை அதே வாட்டத்தில் வைத்து மூடிவிடலாம். ஏசி ஃபில்டர் பல கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, அதற்கு ஸ்பேனர்கூடத் தேவைப்படாது. வைப்பர் பிளேடும் அப்படித்தான். இந்த மூன்றுக்கும் ஷோரூம் பில்லில் தனித்தனியாக லேபர் போட்டிருந்தால், அது நாம் நம் சோம்பலுக்குக் கொடுக்கிற கூலி. கிளிப் சரியாக உட்காராவிட்டாலும் வீட்டு வாசலிலேயே கண்ணில் பட்டுவிடும். இங்கே வீட்டு வேலைதான் ஜெயிக்கிறது, வாதமே இல்லை.

பேட்டரியில் இன்னும் தெளிவாக ஜெயிக்கிறது. காரணம் நம் ஊர்க் காற்று. கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ தெருவில் நிறுத்துகிற வண்டிக்கு உப்புக் காற்று நாள் முழுக்கப் படுகிறது. பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கும். வருடத்துக்கு ஒரு தடவை வண்டியைப் பார்க்கிற சர்வீஸ் சென்டர் எவ்வளவு நன்றாகச் செய்தாலும், நடுவில் இருக்கும் பதினோரு மாதத்துக்கு அது பொறுப்பாக முடியாது. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, காயவிட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். கழற்றும்போது மைனஸை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். வரிசையை மாற்றினால் ஸ்பேனர் பாடியில் உரசித் தீப்பொறி பறக்கும்.

உப்புக் காற்று வண்டியின் அடிப்பக்கத்தையும் விடாது. மழைக்காலம் முடிந்ததும் அடியில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். ஆனால் இதில் மட்டும் நான் வீட்டை விட்டு வாட்டர் சர்வீஸ் பக்கம் சாய்கிறேன். அங்கே வண்டியைத் தூக்கி நிறுத்தி அழுத்தமாக அடிப்பார்கள், நம் தோட்டத்து ஹோஸில் அந்த வேகம் வராது. போதாததற்குக் கடலோரத் தெருக்கள் பலவற்றில் போர்வெல் தண்ணீரே உப்புக் கரிக்கிறது. உப்பைப் போக்க உப்புத் தண்ணீர் அடிப்பதில் என்ன இருக்கிறது? அதே தண்ணீரை "கொஞ்சம்தானே" என்று ரேடியேட்டரில் ஊற்றுகிறவர்களும் உண்டு. உள்ளே காறை படியும், துரு பிடிக்கும், அது தெரியவரும்போது வண்டி சூடேறிப் புறவழிச் சாலையில் நின்றிருக்கும். கலந்து விற்கும் கூலன்ட்டை வாங்கி, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, கூலன்ட்டுக்கென்று இருக்கும் தனி டப்பாவில் கோடு வரை ஊற்றினால் போதும்.

இனி ஆயில் மாற்றுவது. சண்டையே இங்கேதான்.

வீட்டில் செய்யலாம் என்பவர்கள் சொல்வது ஒன்றும் பொய் இல்லை. போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றிப் புதிய ஆயிலை ஊற்றுவதுதான் வேலை. ஆனால் அதற்கு வண்டிக்கு அடியில் போக வேண்டும். வண்டியோடு வருகிற ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி அடியில் தலையை நுழைக்கக் கூடாது, செங்கல் அடுக்கி முட்டுக் கொடுப்பதும் கூடாது. ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி, ஃபில்டர் கழற்றும் சாவி, வடிக்கிற தட்டு, அளவோடு முறுக்க டார்க் ரெஞ்ச் என்று வாங்கிக்கொண்டே போனால் சில ஆயிரம் ஆகிவிடும். மெக்கானிக் வாங்கும் கூலி சில நூறுதான். வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறவர் அந்த முதலை எடுக்கவே பல வருடம் ஆகும். போல்ட்டை வேகத்தில் அதிகமாக முறுக்கினால், ஆயில் தேங்கும் சம்ப் அலுமினியமாக இருந்தால் மரை போய்விடும். அந்த ஒரு செலவில் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு.

வடித்த ஆயில் வேறு இருக்கிறது. சின்னப் பெட்ரோல் காரிலேயே மூன்று லிட்டர் வாக்கில் வரும். சட்டப்படி அது அபாயக் கழிவு, 2016-இல் வந்த அபாயக் கழிவு விதிகளில் பழைய ஆயில் சேர்த்தி. சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும், வேலிக் கம்பில் கறையானுக்குத் தடவவும் கேட்டு வாங்கிப் போவார்கள். மிச்சம் சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து கெடிலம் ஆற்றுக்கோ கடலுக்கோ போகும். ஒர்க்‌ஷாப்பில் பேரலில் சேர்த்து மொத்தமாக எடுப்பவரிடம் கொடுக்கிறார்கள். வீட்டில் பேரலுக்கு எங்கே போவது?

சரி, மெக்கானிக்கிடம் விட்டால்? அங்கே பயம் கூலியில் இல்லை, ஆயிலில்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் விற்கும் டீசல் கார்கள் பெரும்பாலானவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற ஃபில்டர் இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். பேரலில் இருக்கும் பொதுவான டீசல் ஆயிலை ஊற்றினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அந்த ஃபில்டர் அடைத்துக்கொண்டு நிற்கும். பெட்ரோல் காரிலும் இப்போது 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று மெல்லிய ஆயில்தான் கேட்கிறார்கள்.

அதனால் நான் தேர்ந்தெடுப்பது இடையில் இருக்கும் வழி: பொருள் என்னுடையது, கை மெக்கானிக்குடையது. மேனுவலைப் பார்த்து ஆயில், ஃபில்டர், போல்ட்டுக்கான வாஷர் மூன்றையும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில்லோடு வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்ப்பேன். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் போனால் பெட்ரோல் மலிவு என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரியும், ஆயில் டப்பாவுக்கு அந்தச் சலுகை இல்லை, அதனால் அலைய வேண்டாம். மாற்றிய பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை நீங்களே பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும், மேல் கோட்டைத் தாண்டினாலும் கெடுதிதான். "இன்னும் ரெண்டாயிரம் ஓட்டலாம் சார்" என்று மெக்கானிக் சொன்னாலும் வருடக் கணக்கை விடாதீர்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று மேனுவலில் இருந்தால், எது முந்துகிறதோ அதுதான். காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வருகிற வண்டியில் எஞ்சின் முழுக்கச் சூடாவதே இல்லை, ஆயிலில் ஈரம் தங்கிவிடும்.

பிரேக்கை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சச் சீக்கிரம் கொதிக்கும். நம் சமதளச் சாலைகளில் அது தெரியாது, ஏற்காடு மலை இறங்கும்போது பெடல் உள்ளே போகும். வீட்டில் அதன் அளவை மட்டும் பாருங்கள், மாற்றுவது பழகிய கையிடம் இருக்கட்டும். ஏசி கேஸ், வீல் அலைன்மென்ட் இரண்டும் மெஷின் வேலை. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற ஒயரைத் தொடவே கூடாது.

ஷோரூமுக்கு எங்கேதான் இடம்? வாரன்டி இருக்கும்வரை அங்கேயே விடுங்கள். வெளியே கைவைத்தால் வாரன்டி மொத்தமாகப் போய்விடும் என்று கவுண்டரில் சொல்வதை அப்படியே நம்பத் தேவையில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடி அபராதம் போட்ட உத்தரவில், வெளியில் சர்வீஸ் செய்தார்கள் என்பதற்காக மட்டும் வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று சொன்னது. பின்னர் அது மேல்முறையீடு, கோர்ட் என்று போனது. வாதாட நேரம் இருப்பவர் வாதாடலாம். எனக்கு வாரன்டி இருக்கும் வருடங்களில் ஷோரூம் பில்லைக் கட்டிவிடுவதே நிம்மதி, விற்கும்போது சர்வீஸ் ரெக்கார்டும் கையில் இருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு மட்டும் மூன்று வழியில் ஒன்றுதான் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, ரெயின்போ நகர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி மூழ்கிய வண்டியை "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பினால் சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் சேதத்துக்கு எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பைச் சேர்க்காத பாலிசியில் பொதுவாகப் பணம் வராது. பேட்டரி மைனஸை மட்டும் கழற்றிவிட்டு, தண்ணீர் நின்ற மட்டம் தெரிய போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, வண்டியை ஷோரூமுக்குக் கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.