"லைட் வெயிட்" பேஸ்பால் பேட் என்று 4,800 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள், பெற்றோர்களே கவனம்

மதுரையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் பேட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 4,800 ரூபாய் போய்விட்டது. வயிறு எரிகிறது. கடைப் பெயரைப் போடவில்லை. ஊருக்குள் இருக்கும் ஒரு விளையாட்டுச் சாமான் கடை, அவ்வளவுதான்.

நான் செல்லூரில் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறேன். சாதா பிளவுஸுக்கு 120 ரூபாய் கூலி. 4,800 ரூபாய் என்றால் நாற்பது பிளவுஸ். பையன் பதினொன்றாம் வகுப்பு, ஸ்கூல் டீமில் ஆடுகிறான். ஸ்கூலில் இருப்பது இரண்டே பேட், அதைத்தான் எல்லோரும் மாற்றி மாற்றி வைத்து ஆடுகிறார்கள். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பி.டி. சாரிடம் கேட்டதற்கு, "அலாய் பேட்டே, அதாவது அலுமினியக் கலவை பேட்டே போதும்மா. காம்போசிட், அதாவது கார்பன் நார் பேட், விலை அதிகம், அடித்து அடித்துப் பழக்கணும். அலாய் முதல் நாளே அடிக்கலாம்" என்று சொல்லி, ஒரு சீட்டில் 32 இஞ்ச், 29 அவுன்ஸ் என்று எழுதிக் கொடுத்தார்.

போன வியாழக்கிழமை அந்தச் சீட்டோடு கடைக்குப் போனோம். முதலாளி சீட்டைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு நீல நிற பேட்டைக் கொண்டுவந்தார். "அக்கா, அமெரிக்காவுல ஹைஸ்கூல் பிள்ளைங்க ஆடுற அதே அலாய். சார் எழுதினதைவிட லைட் வெயிட். சுத்துறதுக்குச் சுகமா இருக்கும்" என்றார். பையன் வாங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ம்மா, ரொம்ப லேசா இருக்கும்மா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன். விலையைக் கேட்டு நான் தயங்கியதும், "எந்த ஏரியாக்கா? செல்லூரா? எங்க சித்தப்பா வீடே அங்கதான். நம்ம பிள்ளைக்கு நான் கெட்டதைக் கொடுப்பேனா?" என்றார். டீ வேறு வரவழைத்துக் கொடுத்தார். 5,200 சொன்னதைக் குறைத்து 4,800 வாங்கிக்கொண்டார். துண்டுத் தாளில் "ஸ்போர்ட்ஸ் ஐட்டம் 1" என்று மட்டும் எழுதி பில் என்று நீட்டினார். அதையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கிரவுண்டில் மூன்றாவது பந்துக்கே பேட் ஒடுங்கிவிட்டது. எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்தால் ஒடுங்குமே, அதே மாதிரி. நாள்பட அடித்தால் நல்ல அலாயிலும் குழி விழும் என்கிறார்கள், ஆனால் மூன்று பந்திலா? ஆறாவது பந்துக்கு முனையில் இருந்த கறுப்பு மூடி கழன்று பந்து போடும் பையன் காலருகே போய் விழுந்தது. முகத்தில் பட்டிருந்தால் யார் பதில் சொல்வது?

சார் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைக்குப் போய்த் தராசில் வைத்தார். 540 கிராம். 29 அவுன்ஸ் என்றால் 822 கிராம் வர வேண்டும். அமெரிக்காவில் 2012 முதல் ஹைஸ்கூல் பேட்டுக்கு பிபிகோர் .50 என்று ஒரு தர முத்திரை கட்டாயம், எடையும் நீளத்தைவிட மூன்று எண்ணுக்கு மேல் குறையக் கூடாது, 32 இஞ்ச் என்றால் 29 அவுன்ஸாவது இருக்கணும் என்று அப்போதுதான் விளக்கிச் சொன்னார். லேசு லேசு என்று கடைக்காரர் சொன்னது முழுக்கத் தகடு மெலிசு என்பதுதான். பிபிகோர் முத்திரை பேட்டிலேயே அழியாமல் அச்சாகியிருக்கும். இதில் ஒட்டியிருந்தது வெறும் ஸ்டிக்கர், நகத்தால் கீறியதும் உரிந்து வந்தது.

வீட்டுக்கு வந்து என் இஞ்ச் டேப்பை அதன் தடித்த பகுதியைச் சுற்றிப் பிடித்தேன். 7 இஞ்ச். பையன் போனில் தேடிப் பார்த்து, அது சாஃப்ட்பால் பேட் அளவு, அலாய் பேஸ்பால் பேட் என்றால் எட்டேகால் இஞ்ச் வரைக்கும் இருக்கும் என்றான். தினம் கையில் டேப் வைத்திருக்கிறவள் நான். கடையிலேயே அளந்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். "கல்லுல அடிச்சிருப்பான்க்கா" என்றார் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "சப்ளையர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." திங்கட்கிழமை போனால் முதலாளி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்கிறான் கடைப் பையன், உள்ளே அவர் பேசுகிற சத்தம் கேட்கிறது. நேற்று நேரில் பிடித்துவிட்டேன். அக்கா போய் "நீங்க" ஆகிவிட்டது. "வித்த பொருளைத் திரும்ப வாங்குறது இல்லைங்க. வேணும்னா 500 ரூபாய் கழிச்சுக்கிறேன், ஒரு கிரிக்கெட் பேட் எடுத்துக்குங்க." 4,800 ரூபாய்க்கு 500 ரூபாய்!

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று எழுதி வைத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிந்துவிட்டேன்.

விவரமாக எழுத நினைத்தேன், கை ஓட மாட்டேன் என்கிறது. பேட்டின் பெயர், அளவு, எடை எல்லாம் எழுதிய ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் காசை எடுக்காதீர்கள். கடையிலேயே எடை போடச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். மூடியைத் திருகிப் பாருங்கள். தெரிந்த சாரைக் கூட்டிப் போங்கள்.

வர்ற சனிக்கிழமை மேட்ச். பையன் மறுபடியும் ஸ்கூல் பேட்டில்தான் ஆடப் போகிறான். "பரவாயில்லைம்மா" என்று அவன் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.