செங்கோட்டை மருந்துக்கடை: இன்சுலின் வாங்க நம்பிப் போகலாம்

மாமியாருக்கு இன்சுலின் வாங்க ஆரியங்காவிலிருந்து மலையிறங்கி இந்தக் கடைக்குத்தான் வருகிறேன். குளிர்பெட்டிக்குள் வெப்பமானி வைத்திருக்கிறார்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று நாமே பார்க்கலாம். மருந்தில் ஐஸ் நேராகப் படாதபடி துணி சுற்றித் தருகிறார்கள்.

கடைக்கார அண்ணாச்சி பேச ஆரம்பித்தால் பஸ் போய்விடும். ஆனால் விஷயம் தெரிந்தவர். "சர்க்கரை உள்ளே போகத் தசைச் செல்லின் கதவைத் திறப்பதோடு இன்சுலின் வேலை முடிவதில்லை அம்மா. எலிகளில் சோதித்திருக்கிறார்கள்: இன்சுலின் ஏறியதும் தசையின் நுண்குழாய்கள் பலவற்றில் கூடுதலாக ரத்தம் பாய்கிறது. ரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உடலில் உருவாவதை மருந்தால் தடுத்தால் அந்தப் பாய்ச்சல் அடங்கி, தசை எடுக்கும் குளுக்கோஸும் குறைகிறது" என்றார். மருத்துவமனையில் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

ரசீது எழுத்து மட்டும் கோழிக்கிறுக்கல்.