பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டியா, கூடுதல் ராமா?

கம்ப்யூட்டர் திறப்பதற்குள் காபியே ஆறிவிடுகிறது, ஆனால் கையில் இருப்பது ஒரு பாகத்துக்கான காசுதான் என்று தவிப்பவர்களுக்காக இது. எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க். ராம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி.

வேகம்
எஸ்எஸ்டி: ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று, முனை நகர்ந்து தகவலைத் தேட வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. அதனால் விண்டோஸ் திறப்பதிலேயே வித்தியாசம் பளிச்செனத் தெரியும்.
ராம்: 4 ஜிபியை 8 ஆக்கினால், பிரவுசரில் பத்து டேப் திறப்பவருக்குப் பெரிய நிம்மதி. ஏற்கெனவே 8 இருந்தால் அவசரமில்லை.

மாட்டும் வேலை
எஸ்எஸ்டி: விண்டோஸை பழைய டிஸ்க்கிலிருந்து அப்படியே நகலெடுக்கவோ (க்ளோன்) புதிதாக ஏற்றவோ வேண்டும். அதற்கு முன் பேக்கப் கட்டாயம்.
ராம்: பத்து நிமிடம் போதும். ஆனால் ராமில் டிடிஆர்3, டிடிஆர்4 எனத் தலைமுறைகள் உண்டு; டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 நுழையாது. சில லேப்டாப்களில் ராமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கூட்டவே முடியாது.

உழைப்பு
ராம்: அரிதாகவே கெடும்.
எஸ்எஸ்டி: வீட்டு உபயோகத்துக்குப் பல வருடம் தாங்கும். ஆனால் போகும்போது முன்னறிவிப்பே இல்லாமல் போகலாம். குடும்பப் படங்களுக்கு வேறு இடத்தில் ஒரு காப்பி வைத்திருங்கள், தயவுசெய்து.

சரி, எதை வாங்குவது? கம்ப்யூட்டர் திணறும்போது, மெமரியும் டிஸ்க்கும் எவ்வளவு பயன்பாட்டில் இருக்கின்றன என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் முதலில் ராம். மெமரி மிச்சமிருந்தும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் பெரும்பாலான பழைய கம்ப்யூட்டர்களுக்கு என் ஓட்டு எஸ்எஸ்டிக்கே.