வாலாஜாவில்தான் இருக்கிறேன் என்று நிரூபிக்க: ஆதாரா, இ.பி. ரசீதா, வங்கிக் கடிதமா?

ஒன்பது ஆண்டுகள் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு, போன ஆடியில் வாலாஜாவுக்கே திரும்பிவிட்டேன். என் இணையக் கணக்கு மட்டும் ஓமனிலேயே தங்கிவிட்டது. மாதச் சந்தா ரியாலில் போய்க்கொண்டிருந்தது. இங்குள்ள வங்கியின் செயலியைத் தேடினால் உங்கள் நாட்டில் கிடைக்காது என்று வந்தது. நாட்டை மாற்றித் தரக் கேட்டபோது, முகவரிச் சான்று அனுப்பச் சொன்னார்கள். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் கேட்டது மூன்று: கணக்கில் உள்ள அதே பெயர், புதிய முகவரி, மூன்று மாதத்துக்கு உட்பட்ட தேதி.

எல்லோரும் இப்படித் தாள் கேட்பதில்லை. கூகுள் பிளேயில், புதிய நாட்டுக்கு வந்து அந்த நாட்டின் கார்டு போன்ற ஒன்றைச் சேர்த்தால் போதும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம், பழைய நாட்டில் மீதமிருக்கும் தொகை கூடவே வராது. ஆப்பிளில் மீதத் தொகையைச் செலவழித்து, சந்தாக்களை ரத்து செய்ய வேண்டும். பேபாலில் நாட்டை மாற்ற வழியே இல்லை, புதுக் கணக்குதான். தாள் கேட்கும் இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நான்கு தாள்களை அனுப்பினேன். மூன்று திரும்பின, வங்கிக் கடிதம் ஒன்றுதான் நின்றது, அதுவும் இரண்டாவது முறை வாங்கியது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

ரேஷன் அட்டையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். நம் ஸ்மார்ட் அட்டை தமிழில் இருக்கிறது. அதைச் சரிபார்ப்பவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறாரோ, அவருக்கு அது கோலம் போலத்தான் தெரியும். ஒரே நாளில் திரும்பியது.

அடுத்து ஆதார். ஊரில் எந்தக் கவுண்டருக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால், அதுவே போதும் என்று நானும் நம்பியிருந்தேன். தடுக்கியது தேதியில். என் அட்டையில் அச்சான தேதி பல ஆண்டுகளுக்கு முந்தையது. எண்ணை முழுதாகக் கொடுக்க மனமில்லாமல், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் பிரதியை இறக்கி அனுப்பினேன். மறைக்கப்பட்ட ஆவணம் செல்லாது என்று பதில் வந்தது. பன்னிரண்டு இலக்கத்தையும் முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்ப நான் தயாராக இல்லை. அனுப்பி வேலை முடித்தவர்களும் இருக்கிறார்கள், அவரவர் துணிச்சல்.

இ.பி. ரசீதைத்தான் வெளிநாட்டு நிறுவனங்கள் பட்டியலில் முதலில் போடுகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடப்பதால் தேதிக்குப் பஞ்சமில்லை. வீடு பூட்டிக் கிடந்து நூறு யூனிட்டுக்குள் ஓடியிருந்தால் கட்ட வேண்டிய தொகை சைபர் என்று வரும், அது வேறு வேடிக்கை. ஆனால் இணைப்பு யார் பெயரில்? எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமான அப்பாவின் பெயரில். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் பெயரில். பெயர் மாற்ற வேண்டுமானால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் என்று ஒரு கட்டு சேர வேண்டும். ஒரு செயலியின் சந்தாவுக்காக அக்காவைத் திருப்பத்தூரிலிருந்து கையெழுத்துப் போட வரச் சொல்ல முடியுமா? கேஸ் பில்லும் இதே கதைதான், அது அம்மா பெயரில். உங்கள் பெயரிலேயே இ.பி. இணைப்பு இருந்தால் மேற்கொண்டு படிக்காமல் அதையே அனுப்பிவிடலாம்.

இப்போது வங்கி. நான் பாஸ்புக்கைச் சொல்லவில்லை. முகப்பில் முத்திரை குத்திய அந்தப் பக்கத்தில் கணக்குத் தொடங்கிய தேதிதான் இருக்கும். கிளைக்குப் போய், வங்கியின் முகப்புத் தாளில் பெயர், முழு முகவரி, அன்றைய தேதி எழுதி மேலாளர் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு எப்படியும் கிளைக்குப் போகும் வேலை இருக்கிறது: என்.ஆர்.இ. என்னும் வெளிநாடு வாழ் இந்தியர் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றியாக வேண்டும். நான் அந்தப் படிவத்தோடு இந்தக் கடிதத்தையும் கேட்டேன். கூடவே புது டெபிட் கார்டும் வந்தது. நாடு மாறிய பிறகு கணக்கில் சேர்க்க அதுவும் தேவைப்பட்டது.

கடிதத்தை வாங்கும் முன் நின்று நிதானிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: பெயர். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஆதாரில் நான் எம். சரவணன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தை அப்பா பெயரால் நிரப்பியதில் சரவணன் முனுசாமி. மஸ்கட்டில் கணக்குத் தொடங்கியபோது பாஸ்போர்ட்டைப் பார்த்து அடித்ததால் அங்கேயும் சரவணன் முனுசாமி. 'எம்.' என்பதும் 'முனுசாமி' என்பதும் ஒன்றுதான் என்பது வாலாஜா மார்க்கெட்டில் யாருக்கும் விளங்கும். சரிபார்ப்பவருக்கு அவர்கள் இரண்டு மனிதர்கள். என் முதல் வங்கிக் கடிதம் 'எம். சரவணன்' என்று வந்ததால் அதுவும் திரும்பியது. பாஸ்போர்ட் நகலைக் காட்டி, பெயரை விரித்து எழுதிய இரண்டாவது கடிதம் வாங்கிய பிறகுதான் ஏற்றார்கள். இந்தத் திருத்தத்தைக் கவுண்டரில் நின்று பேசி வாங்க முடிகிறது என்பதுதான் வங்கியை மற்ற தாள்களிலிருந்து பிரிக்கிறது. ஆதாரிலோ இ.பி.யிலோ பெயரைத் தொடுவது தனி யாத்திரை.

முகவரியில் அவ்வளவு கெடுபிடி இல்லை. பயந்தது மாவட்டத்துக்குத்தான். வீட்டுப் பத்திரத்தில் வடாற்காடு மாவட்டம், பாஸ்போர்ட்டில் வேலூர் மாவட்டம், 2019 நவம்பருக்குப் பிறகு நாங்கள் ராணிப்பேட்டை மாவட்டம். வீடு ஓர் அங்குலம் நகரவில்லை. வங்கிக் கடிதம் இன்னும் வேலூர் என்றே அச்சாகி வந்தது. நான் படிவத்தில் ராணிப்பேட்டை என்று நிரப்பியிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. 632513 என்ற பின்கோடும் கதவு எண்ணும் ஒத்துப்போனதே போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன். கதவு எண்ணில் பழையது, புதியது இரண்டும் இருந்தால் எல்லா இடத்திலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தை நான் அனுப்பிப் பார்க்கவில்லை, ஆகவே அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடிதம் தராத கிளை என்றால் ஸ்டேட்மென்ட் பி.டி.எஃப். இறக்கலாம். அது பெரும்பாலும் கடவுச்சொல்லோடு வரும். பூட்டை எடுக்காமல் அனுப்பினால் எதிரில் இருப்பவர் திறக்க முடியாமல் தள்ளிவிடுவார்; திறந்து, புதிய பி.டி.எஃப். ஆகச் சேமித்து அனுப்புங்கள். வரவு செலவு வரிகளைக் கறுப்படித்து அனுப்பினால் ஏற்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது, ஆதாரில் நான் பட்ட பாடு அதுதான்.

இன்னொன்று, பழைய நாட்டின் சிம்மைக் கைவிட அவசரப்படாதீர்கள். என் கணக்கில் இருந்தது ஓமன் எண். சிம்மை அறைத் தோழரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஒவ்வொரு முறை ஓடிபி வரும்போதும் அவர் கிரேன் மேல் இருப்பார். இறங்கி வந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்குள் நேரம் முடிந்துவிடும். கடைசியில் அவருடைய வெள்ளிக்கிழமை விடுமுறைக்குக் காத்திருந்துதான் உள்ளே நுழைந்தேன்.