நண்பர்களோடு நான்கு நாள்: புளோரன்ஸா, பொலோனியாவா?

இத்தாலியில் புளோரன்ஸுக்கும் பொலோனியாவுக்கும் நடுவே வேக ரயிலில் 40 நிமிடம்கூட ஆகாது. அப்பெனைன் மலைக்கு அடியில் சுரங்கம் சுரங்கமாக ஓடி, வெளிச்சத்துக்குக் கண் பழகுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். அவ்வளவு பக்கம். ஆனாலும் சாப்பாடு வேறு, தெரு வேறு, ஊரின் நடை வேறு. (ரயில் நிலையப் பலகையில் புளோரன்ஸ் என்று தேடாதீர்கள். அங்கே அதன் பெயர் ஃபிரென்சே. இறங்க வேண்டிய நிலையம் சாந்தா மரியா நொவெல்லா.)

கல்லூரிக் காலத்து நண்பர்கள் ஐந்து பேர் ஓர் ஏப்ரலில் இரண்டு ஊரிலும் இரண்டிரண்டு இரவு தங்கினோம். அதை வைத்துச் சொல்கிறேன். கூட்டமாகப் போகிறீர்கள் என்றால் பொலோனியாவில் தங்குங்கள், புளோரன்ஸுக்குப் பகலில் போய்வாருங்கள். தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறீர்கள் என்றால் என் பதில் அப்படியே மாறிவிடும்.

பார்ப்பதற்கு எந்த ஊர் என்று கேட்டால் அதில் விவாதமே இல்லை, புளோரன்ஸ்தான். அக்காதெமியா கலைக்கூடத்தில் மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை நிற்கிறது. இரண்டு சிற்பிகள் கை வைத்துப் பாதியில் விட்டுப்போன பளிங்குப் பாறை அது. 1501இல் ஆரம்பித்து 1504க்குள் 5 மீட்டருக்கு மேல் உயரமுள்ள சிலையாக்கிவிட்டார். படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் சரி, நேரில் போய் அந்த வலது கையைப் பாருங்கள். தொங்கவிட்ட கையில் ரத்தம் இறங்கிப் புடைத்த நரம்பு, மடங்கிய விரல்களின் முட்டி, நகத்தைச் சுற்றியுள்ள சதை. உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும் கை. அதைக் கல் என்று நினைக்க மனசு ஒப்பவில்லை.

பேராலயத்தின் கும்மட்டம் இன்னொன்று. தரையிலிருந்து சாரம் கட்டி முட்டுக் கொடுக்காமலே 1420 முதல் 1436 வரை ப்ரூனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் எழுப்பியது. மேலே போக 463 படி, லிஃப்ட் கிடையாது. கும்மட்டம் உள்ளே ஓர் ஓடு, வெளியே ஓர் ஓடு என இரட்டையாக இருக்கிறது. படிகள் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஏறுகின்றன. மீன்முள் மாதிரி சாய்த்து அடுக்கிய செங்கலைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். சாரம் இல்லாமல் அந்தச் செங்கல் ஏன் சரியவில்லை என்ற கேள்விக்கு விடையும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் கூட்டமாகத் தங்க ஏன் புளோரன்ஸ் வேண்டாம் என்கிறேன்? உஃபிஸி ஓவியக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து பேரும் ஒன்றாகத்தான் உள்ளே போனோம். போத்திசெல்லியின் ‘வசந்தம்’ முன்னால் தாவரவியல் படித்த தோழி நின்றுவிட்டாள். அதில் தரை முழுக்கப் பூக்கள், ஒவ்வொன்றும் இனம் கண்டு சொல்லும்படி வரைந்தவை. “நீங்க போங்கடா, நான் இந்தப் பூவெல்லாம் பாத்துட்டு வரேன்” என்றாள். நாங்கள் போனோம். அடுத்த அறையில் இன்னொருவன் நின்றான். அரை மணி நேரத்தில் ஐந்து பேரும் ஐந்து இடத்தில். அது சரியும்கூட, ஓவியத்தைத் தனியாக நின்றுதான் பார்க்க முடியும். பக்கத்தில் ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைப்பு வந்தாலே பார்வை கலைந்துவிடும்.

அப்புறம் டிக்கெட். உஃபிஸி, அக்காதெமியா, கும்மட்டம் மூன்றுக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்வதுதான் புத்திசாலித்தனம். திங்கட்கிழமைகளில் உஃபிஸியும் அக்காதெமியாவும் மூடியிருக்கும். ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் இடம் பிடித்து, யாரும் தாமதிக்காமல் வாசலில் சேர்ந்து, நடுவில் சாப்பாட்டையும் முடிப்பதென்றால் நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்தபடி ஓட வேண்டும். ஒரு நாள் என்றால் அப்படி ஓடலாம். நான்கு நாளும் முடியாது.

பொலோனியாவில் ஓட வேண்டிய அவசியமே இல்லை. அங்கே பார்க்க வேண்டியது தெருதான். நம் வீடுகளில் கார் நிறுத்தும் முன்பகுதியைப் போர்ட்டிகோ என்கிறோமே, அதே சொல்தான். இங்கே நடைபாதைக்கு மேலே வீட்டின் மாடி நீண்டு வந்து, தூண்கள் அதைத் தாங்க, தெரு முழுக்கக் கூரை போட்ட நடையாக ஓடுகிறது. ஊர் முழுக்க 62 கிலோமீட்டர். யுனெஸ்கோ 2021இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1088இல் பிறந்ததாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்கள் வந்து குவிய, இடம் போதாமல் மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டினார்கள். 1288இல் நகரமே அதைச் சட்டமாக்கியது: வீடு கட்டினால் போர்ட்டிகோ வேண்டும், குதிரைமேல் ஆள் போகும் உயரம் வேண்டும், இடம் வீட்டுக்காரருடையது என்றாலும் நடக்கும் உரிமை எல்லோருக்கும். நம் ஊர்த் திண்ணையும் இப்படித்தான், வீட்டின் பகுதியாக இருந்துகொண்டே வழிப்போக்கனுக்கும் சொந்தமாக இருந்தது. வெயில், மழை, வண்டி எதுவும் குறுக்கிடாத இந்த நடையில் மூன்று பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால் என்று போகலாம். பேச்சு அறுபடாது.

அதில் நீளமானது சான் லூகா குன்றுக்கு ஏறுவது. 666 வளைவுகள், கிட்டத்தட்ட 3.8 கிலோமீட்டர். மேலே கோயிலில் இருக்கும் மாதா படத்தை ஆண்டுதோறும் மே மாத வாக்கில் நகரத்துக்கு எடுத்து வருவார்கள். அந்த ஊர்வலம் மழையில் நனையாமல் இருக்கத்தான் இவ்வளவு நீளத்துக்குக் கூரை. மெலொஞ்செல்லோ வளைவு வரை சமதளம், அதற்குப் பிறகு மூச்சு வாங்கும். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, சாப்பாடு. நாங்கள் அதிகம் சண்டை போட்டது இதில்தான்.

புளோரன்ஸின் தெருச் சாப்பாட்டில் என் ஓட்டு லம்ப்ரெதொத்தோவுக்கு. மாட்டின் நான்காவது இரைப்பையைக் காய்கறிச் சாற்றில் வேகவைத்து, தள்ளுவண்டியில் சுடச்சுடத் தருவார்கள். கொதிக்கும் அண்டாவிலிருந்து முள்கரண்டியால் ஒரு துண்டைத் தூக்கி, பலகையில் வைத்துப் பொடிப்பொடியாக நறுக்கி, ரொட்டியின் மேல்பாதியை அந்தச் சாற்றிலேயே ஒரு முக்கு முக்கி மூடித் தருகிறார் வண்டிக்காரர். பச்சைச் சட்னி மாதிரி ஒன்றும் காரமான ஒன்றும் மேலே. போட்டி, குடல் சாப்பிட்டுப் பழகியவர்கள் முதல் கடியிலேயே சிநேகமாகிவிடுவார்கள். அந்த ஊரின் பெரிய மாட்டு ஸ்டேக் கிலோ கணக்கில்தான் விலை, ஒரு துண்டே ஒரு கிலோவைத் தாண்டும். உள்ளே சிவப்பாகத்தான் தருவார்கள். நன்றாக வேக வேண்டும் என்பவர்கள் வேறு எதையாவது கேட்பது நல்லது.

ரொட்டியில் உப்பே இருக்காது, அது புளோரன்ஸ் இருக்கும் தஸ்கனிப் பகுதியின் வழக்கம். அந்த ரொட்டி மறுநாள் காய்ந்த பிறகுதான் அதன் அருமை தெரிகிறது. வெள்ளை பீன்ஸ், கருங்கீரை போட்டு மறுபடி கொதிக்கவைத்தால் ரிபொல்லீத்தா. தக்காளியோடு குழைத்தால் பாப்பா அல் பொமொதோரோ. பழைய சோற்றின் ருசி தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எங்களில் சைவமான ஒருவன் புளோரன்ஸில் இவற்றால்தான் வயிறு நிறையச் சாப்பிட்டான். இறைச்சிச் சாறு சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொலோனியா அவனுக்குக் கஷ்டம்தான், மறைக்கவில்லை. பாஸ்தா மாவில் முட்டை, தோர்தெல்லீனி என்ற குட்டிப் பாஸ்தாவுக்குள் பன்றி இறைச்சி, பாஸ்தாவில் சேர்க்கும் ராகூ என்ற குழம்பே மாட்டுக்கறியும் பன்றிக்கறியும். பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிய வைப்பதும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால். முட்டையும் சீஸும் பரவாயில்லை என்றால் ரிக்கோத்தா வைத்த தோர்தெல்லோனி இருக்கிறது. பன்றி தவிர்ப்பவர்களும் இங்கே ஒவ்வொரு தட்டையும் விசாரித்துத்தான் சாப்பிட வேண்டும். உங்கள் கூட்டத்தில் இப்படி இரண்டு மூன்று பேர் இருந்தால் என் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மற்றவர்களுக்கு இந்த ஊர் ஒரு விருந்து. ஸ்பாகெட்டி பொலோனேஸ் என்று உலகமெங்கும் விற்பதை இங்கே கேட்காதீர்கள். ராகூவுக்கு ஜோடி தாலியதெல்லே என்ற நாடா மாதிரியான பாஸ்தாதான். வெந்த பிறகு அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972இல் வர்த்தகச் சபையில் பதிவு செய்தார்கள். அது அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்காம். ராகூவின் செய்முறையையும் 1982இல் பதிந்துவிட்டார்கள். ஒரு பாஸ்தாவின் அகலத்தை ஊரின் கோபுரத்தை வைத்து அளக்கிறவர்கள் சமைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு மறக்காத மதியம் ஒன்று உண்டு. குவாத்ரிலாத்தெரோ என்ற பழைய சந்தைத் தெருக்களில் ஒஸ்தெரியா தெல் சோலே என்ற இடம் 1465இலிருந்து இருக்கிறது. அங்கே சாப்பாடு கிடையாது, குடிக்க மட்டும்தான். சாப்பாட்டை நாம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒருவன் மோர்ததெல்லா என்ற பன்றி இறைச்சி சாசேஜ் வாங்கப் போனான், ஒருத்தி ரொட்டிக்கு, நான் சீஸுக்கு. நீள மேசையில் காகிதத்தைப் பிரித்தோம். மோர்ததெல்லா மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லியது, ரோஜா நிறத்தில் வெள்ளைக் கொழுப்புக் கட்டங்கள், கையில் எடுத்தாலே துவண்டது. பக்கத்து மேசைக் கிழவர் எங்கள் சீஸைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை.

குறைகளும் உண்டு. அசினெல்லி கோபுரம், பக்கத்திலுள்ள கரிசெந்தா கோபுரத்தின் சாய்வு கவலைக்கிடமானதால், 2023 அக்டோபரில் மூடப்பட்டது. உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க நகராட்சி மாளிகையின் மணிக்கூண்டுக்குப் போங்கள். வாடகை பெரும்பாலும் புளோரன்ஸைவிடக் குறைவு, ஆனால் குழந்தைகள் புத்தகக் கண்காட்சி மாதிரி பெரிய சந்தைகள் நடக்கும் வாரத்தில் அறை கிடைப்பதே அரிது. தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் 10:25இலேயே நிற்கும். பழுது என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். 1980 ஆகஸ்ட் 2 அன்று காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது. ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

கடைசி நாள் புளோரன்ஸுக்கு இன்னொரு முறை போய், மாலை பியாட்சாலே மைக்கேலாஞ்சலோ மேட்டிலிருந்து கும்மட்டத்தில் வெயில் இறங்குவதைப் பார்த்துவிட்டு ரயில் ஏறினோம். பொலோனியாவில் இறங்கும்போது நல்ல மழை. யாரிடமும் குடை இல்லை. இந்திபெந்தென்சா தெருவின் தூண்களுக்கு அடியிலேயே பெரிய சதுக்கம் வரை நடந்து வந்துவிட்டோம். அங்கே பொதெஸ்தா மாளிகைக்கு அடியில் ஒரு வளைவு மண்டபம். ஒரு மூலையில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தால் எதிர்மூலையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், நடுவில் நிற்பவருக்குக் கேட்காது. நான்கு பேர் நான்கு மூலைக்குப் போனோம். ஐந்தாமவன் நடுவில் நின்று “என்னடா சொல்றீங்க?” என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். என் காதில் கல்லுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்: “ஊருக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு தட்டு தோர்தெல்லீனி, சரியா?”