செல்ஃப் டானர் போட்ட காலில் முடி எடுப்பது: ரேசரா, எபிலேட்டரா?

நம் ஊர் பார்லரில் ‘டீ-டான்’தான் ஓடும். பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கம் நேர் தலைகீழ்: வெயிலில் காயாமலே கால் பழுப்பேற செல்ஃப் டானர் என்ற லோஷன் தடவுவார்கள். அந்த நிறம் போகாமல் முடியை எடுப்பதுதான் பாடு.

லோஷனில் வேலை செய்வது டிஹெச்ஏ என்ற எளிய சர்க்கரை. தோலின் மேலடுக்கில் உள்ள இறந்த செல்களின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பாகிறது. ரொட்டி சுடும்போது மேல்புறம் சிவப்பதும் இதே வகை வினைதான். நிறம் முழுதாக ஏற 8 முதல் 24 மணி நேரம் ஆகும். செல்கள் உதிர உதிர 5 முதல் 7 நாளில் மங்கும். ஆக, முடி எடுக்கும் வழி ஒவ்வொன்றும் அந்த மேலடுக்கை எவ்வளவு சுரண்டுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

வாக்ஸ் அதிகம் சுரண்டும். பட்டை இழுத்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுக்கும். வாக்ஸ்தான் வேண்டும் என்றால் டானருக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே முடித்துவிட வேண்டும். முடி கரைக்கும் க்ரீமும் உதவாது. அதிலுள்ள தயோகிளைகோலேட் கெரட்டினைத்தான் உடைக்கிறது; மேல்தோலும் கெரட்டின்தானே, முடியோடு நிறமும் வழிந்துவிடும். லேசர், ஐபிஎல் (பளிச்சிடும் ஒளியால் முடியைக் குறைக்கும் முறை) இரண்டையும் டானோடு சேர்த்து யோசிக்கவே கூடாது. கருவி தேடுவது முடியிலுள்ள நிறத்தை. தோலும் பழுப்பாக இருந்தால் வெப்பம் அங்கே இறங்கிப் புண்ணாக்கும். வெயில் டான், லோஷன் டான் இரண்டுக்கும் இது பொருந்தும்.

மிச்சம் ரேசரும், முடியை வேரோடு பிடுங்கும் கருவியான எபிலேட்டரும். ரேசர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறத்தை வழித்தெடுக்கும், ஆனால் கால் முழுவதும் ஒரே சீராக. அதனால் கண்ணுக்கு உறுத்தாது. மழுங்கிய பிளேடுதான் எதிரி: அழுத்தம் கூடும், முழங்கால் எலும்பு மேல் வெள்ளைக் கோடு விழும். சோப்புக்குப் பதில் ஹேர் கண்டிஷனர் தடவி, முடி வளரும் திசையிலேயே லேசாக இழுத்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் இழப்பு குறையும். டானர் போட்ட முதல் 24 மணி நேரம் ரேசரைத் தொடவே வேண்டாம்.

எபிலேட்டர் முடியை மட்டும் பிடுங்குகிறது. தோல் அதிகம் உரிவதில்லை. முடி 2 முதல் 5 மில்லிமீட்டர் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். முதல் சில தடவை வலி பிராணனை வாங்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடாமல் செய்தால், ஒரே நேரத்தில் முளைக்கும் முடி குறைந்து வலியும் தணியும். தொல்லை பிறகுதான் தெரியும்: உள்ளேயே சுருளும் முடி. அதற்கு ஸ்க்ரப்போ சாலிசிலிக் அமிலமோ போட வேண்டும். இரண்டுமே டானை அரிப்பவை. ஆகவே ஸ்க்ரப்பை நிறம் மங்கி முடியும் நாளுக்குத் தள்ளி வைப்பதே வழி.

வரிசை இப்படி அமைந்தால் சண்டையில்லை: பழைய நிறம் மங்கிய அன்று ஸ்க்ரப், பிறகு எபிலேட்டர். ஒரு நாள் இடைவெளி விட்டு, முழங்கால், கணுக்கால், குதிகாலில் மெல்லிதாக மாய்ஸ்சரைசர் தடவி, அதன்மேல் கையுறை மிட்டால் டானர். அந்த இடைவெளியை விழுங்கினால் முடி பிடுங்கிய குழிகளில் லோஷன் தேங்கி, கால் முழுக்கக் கரும்புள்ளி விழும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் துளை மூடிக்கொள்ளும் என்பதை நம்பி அன்றே தடவிவிட வேண்டாம். நடுவாரத்தில் எங்காவது முடி தலைகாட்டினால் அந்த இடத்துக்கு மட்டும் ட்வீசர் போதும்.